நான்காவது ஐம்பது

எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாலே கால்விரல்கள் தரையைக் கவ்விக்கொள்ளும். அப்படிப்பட்ட நான்தான் நீச்சல் போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, குளத்தோரம் ஈரக்காலோடு நிற்கிறேன். டைம் கீப்பர் என்று பெயர். மற்ற நாட்களில் வங்கியில் கேஷியர். எண்களைத் தப்பில்லாமல் எழுதுவாள் என்று யாரோ சொல்ல, ஆள் பற்றாத ஒரு நாளில் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஆறு வருடமாக நிற்கிறேன்.

பார்க்கச் சுலபமான வேலை. புறப்படும்போது ஒரு அழுத்து, சுவரைத் தொடும்போது ஒரு அழுத்து. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாளே, "சத்தத்தை நம்பாதம்மா, விளக்கைப் பாரு" என்றார். புறப்பாட்டுக் கருவியில் ஒலி எழும்போதே விளக்கும் மின்னும். 50 மீட்டர் போட்டியில் பிள்ளைகள் எதிர்ச் சுவரிலிருந்து புறப்படுவார்கள். அந்தச் சத்தம் குளத்தைத் தாண்டி நம் காதுக்கு வருவதற்குள் நூறில் பதினைந்து பங்கு வினாடி போய்விடும். கேட்டு அழுத்தினால் அத்தனையும் அந்தப் பிள்ளைக்கு இனாம். ஒரு லேனுக்கு மூன்று பேர் நிற்போம். இரண்டு வாட்ச் ஒத்துப்போனால் அதுதான் நேரம். மூன்றும் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் இருப்பது.

நூறில் பதினைந்து பங்கெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்பவர்களுக்கு சஜன் பிரகாஷின் கதையைச் சொல்வேன். 2021 ஜூனில் ரோமில் நடந்த போட்டியில் அவர் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற வேண்டிய நேரம் 1 நிமிடம் 56.48. வித்தியாசம் நூறில் பத்து. அந்த வகையில் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். வளர்ந்தது நெய்வேலியில். அம்மா ஷாண்டிமோள் பழைய தடகள வீராங்கனை, என்.எல்.சி.யில் வேலை. மகனைத் தனியாகவே வளர்த்தவர். நான் வடலூர்க்காரி. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் நெய்வேலி. அதனால் அந்த நூறில் பத்தை என் சொந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

எழுத வந்தது என் மகளைப் பற்றி. "என் பேரைப் போடாதம்மா" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் பாப்பா. 15 வயதிலும் பாப்பாதான்.

அவள் தண்ணீரில் இறங்கியதற்குக் காரணம் 2015 டிசம்பர். மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு. ராத்திரி வாசற்படியில் இருந்த தண்ணீர் விடிவதற்குள் கட்டிலைத் தொட்டது. ஐந்து வயதுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான், அந்த வீட்டில் ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது என்பது உறைத்தது. எங்கள் தெருவில் படகு வந்தது. படகில் ஏற்றிவிட்ட மீனவர் ஒருவர், "பிள்ளைக்கு நீச்சல் கத்துக் கொடுங்க" என்றார். அறிவுரை மாதிரி இல்லை, சும்மா சொன்னார். மறு வருடம் கோடை விடுமுறையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பதக்கம் என்கிற நினைப்பே அப்போது கிடையாது. மிதந்தால் போதும்.

மிதந்தாள். இரண்டே வாரத்தில் குறுக்கே போய்வந்தாள். எட்டு வயதில் முதல் போட்டி, 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 52 வினாடி. பாதியில் நின்று லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடிக் கையாட்டிவிட்டு மறுபடி நீந்தினாள். அடுத்த வருடம் அதே தூரம் 41 வினாடி. தங்கம். அடுத்ததிலும் தங்கம். அங்கிருந்துதான் எனக்குப் பித்துப் பிடித்தது.

குளத்தோரப் பெற்றோர்களைப் பற்றி ஒரு வார்த்தை. காலை ஐந்தே காலுக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. பாதாமை எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும், எந்தப் பள்ளியில் அட்டெண்டன்ஸ் கெடுபிடி குறைவு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்று எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. எல்லார் வாயிலும் இரண்டு பெயர். ஒன்று கேட்டி லெடெக்கி, 2012 லண்டனில் 15 வயதில் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம். இன்னொன்று மைக்கேல் ஃபெல்ப்ஸ். பல வருடம் ஞாயிறுகூட விடாமல் பயிற்சி செய்தார் என்று ஒரு அப்பா சொல்வார். வாஸ்தவம்தான். உடனே நாங்கள் எங்கள் ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பார்ப்போம்.

நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் அதற்குத் தோதாக ஒரு கோச் இருந்தார். ஒன்பது வயதுக்கு வாரம் ஆறு நாள், காலை மாலை இரண்டு வேளை. பிள்ளைகளின் தலைமுடி குளோரினில் செம்பட்டையாகி, சீவினால் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம். பள்ளியில் மூன்றாவது பீரியடில் தூங்குகிறாள் என்று டைரியில் எழுதி அனுப்புவார்கள். நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவேன். அந்தக் கையெழுத்துகளை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பதக்கம் வந்துகொண்டிருந்ததே, யார் கேட்பது?

அந்தப் பதக்கங்கள் எப்படி வந்தன என்பது மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது. பத்து வயதில் அவள் வகுப்பிலேயே உயரம். கை நீளம், பாதம் பெரிது. சக வயதுப் பிள்ளைகள் 50 மீட்டருக்கு ஐம்பது கை போட்டால் இவளுக்கு நாற்பத்திரண்டு போதும். தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தி. அதைக் கிழித்துக்கொண்டு போக, நீளமான உடம்பு நீளமான படகு மாதிரி. அவள் வேகமாக நீந்தவில்லை, சீக்கிரமாக வளர்ந்திருந்தாள். பதினோரு வயதில் பெரியவளானாள். 157 சென்டிமீட்டரில் உயரம் நின்றது. அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒல்லிப் பெண்கள் பதின்மூன்று வயதில் ஒரு கோடை விடுமுறைக்குள் ஆறேழு சென்டிமீட்டர் வளர்ந்து திரும்பி வந்தார்கள். நாலாவது லேன் போய்விட்டது.

நாலாவது லேன் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். போட்டியில் யார் எந்த லேன் என்பது சீட்டுக் குலுக்கலில் வருவதில்லை. எட்டு லேன் குளத்தில், கையில் உள்ள நேரப்படி வேகமானவருக்கு 4, அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6, 2, 7, 1, 8. நடுவிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் வரிசை. ஹீட் ஷீட் என்கிற லேன் பட்டியலை ஒட்டியதும் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்ப்பது இதைத்தான். பாப்பா 4-லிருந்து 3-க்குப் போனாள், 6-க்குப் போனாள், ஒருமுறை 8. அந்த எட்டாவது லேனில் குளத்துச் சுவர் பக்கத்திலேயே இருக்கும், அலை மோதித் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லை. தோசையை நாலாக மடித்து ஒரே வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு பெரிய வாய் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடுவே கொரோனா வேறு. அவளுக்குப் பத்து வயது, குளங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. மொட்டை மாடியில் குப்புறப்படுத்து, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிய ரப்பர் ட்யூபைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். கீழே இருந்து பார்த்த பக்கத்து வீட்டு மாமி, பிள்ளைக்கு வலிப்போ என்று பதறி ஓடி வந்தார். அதே சமயம் தாய்லாந்தின் புக்கெட்டில் பயிற்சிக்குப் போன சஜன் பிரகாஷ் ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு கழுத்துத் தட்டு நழுவி, கையைத் தூக்கவே முடியாத வலி. துபாயில் தன் பழைய பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் போய் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு வந்ததுதான் ரோமின் 1:56.38. அந்த வீடியோவை பாப்பா என் போனில் எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அப்போது பட்டர்ஃப்ளை பிடிக்காது. யாருக்குத்தான் பிடிக்கும்?

வண்ணத்துப்பூச்சி என்று பெயர் வைத்தவர் அதை நீந்திப் பார்த்திருக்க மாட்டார். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் போட்டால் வேகம் கூடுகிறது என்று சிலர் கண்டுபிடிக்க, அந்த வம்பிலிருந்து பிறந்த குழந்தை இது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில்தான் தனிப் போட்டியானது. ஆண்களுக்கு 200 மீட்டர், பெண்களுக்கு 100. பெண்களுக்கு 200 மீட்டர் வர 1968 மெக்சிகோ வரை ஆனது. இரண்டு கையும் ஒன்றாக வெளியே வர வேண்டும், இரண்டு காலும் ஒன்றாக அடிக்க வேண்டும், சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை முந்தினால் டிஸ்குவாலிஃபை. மற்ற நீச்சலில் களைத்தால் மெதுவாகப் போகலாம். இதில் களைத்தால் இடுப்பு அமிழும். இடுப்பு அமிழ்ந்தால் தோள் மேலே வராது. தோள் வராவிட்டால் மூச்சு எடுக்க முடியாது.

200 மீட்டர் என்பது 50 மீட்டர் குளத்தில் நாலு நீளம். முதல் ஐம்பது எல்லாருக்கும் அழகாக இருக்கும். இரண்டாவதில் மூச்சுக் கணக்கு மாறும். மூன்றாவதில் கைகள் கோணலாகும். நான்காவதை நான் வாட்சும் கையுமாக நின்று நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். முதல் ஐம்பதில் இரண்டு உடம்பு தூரம் முன்னால் போன பிள்ளை, நான்காவதில் கிணற்றில் விழுந்தவரைப் போல நிமிர்ந்து நின்று தத்தளிப்பாள். பின்னால் சத்தமில்லாமல் வந்த ஒருத்தி அதே சீரில் கடந்து போவாள்.

பாப்பாவை அந்தப் பக்கம் திருப்பியவர் அவளுடைய இரண்டாவது கோச். அதிகம் பேசமாட்டார். இடம் மாற்றிச் சேர்த்த முதல் மாதமே, "டைமிங்கை ஒரு வருஷம் வீட்டுல கேக்காதீங்க" என்றார். பதின்மூன்று வயதில் ஃப்ரீஸ்டைல் நின்ற இடத்திலேயே நின்றபோது, பழைய ஸ்பிளிட் எல்லாம் எடுத்து வைத்துக் காட்டினார். ஸ்பிளிட் என்றால் ஒவ்வொரு ஐம்பதுக்கும் தனித்தனியாக எழுதும் நேரம். பாப்பாவின் முதல் ஐம்பதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் மற்றவர்களைவிடக் குறைவு. "இவ சீக்கிரம் செத்துப்போக மாட்டேங்கறா" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. பாப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அந்த வாரமே 200 பட்டர்ஃப்ளையில் பெயர் கொடுத்தாள்.

முதல் முறை 2 நிமிடம் 58 வினாடி. மூன்று மாதத்தில் 2:47. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் 2:47. ஒருமுறை 2:46.9 வந்ததும் வீட்டில் பாயசம் வைத்தேன். அடுத்த போட்டியில் 2:48. சேமிப்புக் கணக்கில் வட்டியாவது ஏறும், இதில் அதுவும் இல்லை என்று அவள் அப்பா ஒருநாள் சொன்னார். நான் வங்கிக்காரி, எனக்கே கோபம் வந்தது.

அந்தப் பதினான்கு மாதத்தில்தான் ஃபெல்ப்ஸைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். தங்கம் வாங்கிய கதையை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதற்கு முந்தைய வருடங்கள் வேண்டும். பால்டிமோர் ஊர், பள்ளி ஆசிரியை அம்மா, மூன்று பிள்ளைகள். ஏழு வயதில் குளத்துக்குப் போனவருக்கு முகத்தைத் தண்ணீரில் வைக்கவே பிடிக்கவில்லை. அதனால் முதலில் கற்றது மல்லாக்க நீந்தும் பேக் ஸ்ட்ரோக். பதினோரு வயதில் பாப் பௌமன் என்ற பயிற்சியாளர் கையில் வந்தார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில், 15 வயதில், 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் ஐந்தாமிடம். பதக்கம் இல்லை. ஆறே மாதம் கழித்து, 2001 மார்ச் 30-இல், அதே தூரத்தை 1:54.92-இல் நீந்தினார். 16 வயதுகூட முடியாத பையனின் உலக சாதனை.

சிட்னியில் அவர் எடுத்த நேரம் 1:56.50. இந்த எண்ணைப் பார்த்ததும் கேஷியர் புத்தி சும்மா இருக்கவில்லை. 21 வருடம் கழித்து டோக்கியோவுக்கு வைத்த தகுதி நேரம் 1:56.48. 15 வயது ஃபெல்ப்ஸ் எடுத்த அதே நேரத்துக்கு நெய்வேலிப் பிள்ளை வந்து சேர்ந்தது 27 வயதில். நடுவில் 21 வயதில் தேசிய விளையாட்டுப் போட்டியில் ஆறு தங்கம், மூன்று வெள்ளி தாண்டி, ரியோ ஒலிம்பிக்கில் 1:59.37 எடுத்து 28-ஆம் இடம். 2018-இல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டியின் இறுதிச் சுற்றில் 1:57.75, ஐந்தாமிடம். அதே வாரம் இடுக்கியில் அவருடைய தாய்வீட்டு உறவினர்கள் கேரள வெள்ளத்தில் சிக்கியிருந்தார்கள். ஆசியப் போட்டியில் இதே தூரத்தில் இந்தியாவுக்குப் பதக்கம் வந்தது கடைசியாக 1986-இல், சோலில், கஜன் சிங்கின் வெள்ளி. அதற்கு முன்னால் நீச்சலில் நமக்கு என்ன இருந்தது என்று தேடினால் 1951 டெல்லிப் போட்டியில் சச்சின் நாக் வாங்கிய தங்கம்வரை பின்னால் போக வேண்டும். குளத்தோரத்தில் லெடெக்கி பெயரைச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் யாராவது சொல்லியிருந்தால், அந்த டைரிக் கையெழுத்துகள் சில குறைந்திருக்கும்.

ஆனால் ஃபெல்ப்ஸ் வீட்டுக் கதையில் என் மனதில் நின்றது அவர் இல்லை, அவருடைய அக்கா விட்னி. அந்த வீட்டின் நட்சத்திரம் முதலில் அவர்தான். அவருக்கும் 200 மீட்டர் பட்டர்ஃப்ளைதான். 1996-இல், 15 வயதில், ஒலிம்பிக் அணித் தேர்வுக்குப் போனார். ஜெயிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். ஆறாமிடம். முதுகு அதற்கு முன்பே பாழாகியிருந்தது, வலியை மறைத்துக்கொண்டு நீந்தியிருக்கிறார். அந்தத் தேர்வை பத்து வயதுத் தம்பி கேலரியிலிருந்து பார்த்தான். ஒரே அம்மா, ஒரே குளம், ஒரே நீச்சல். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் விட்னியின் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

பாப்பாவின் வலது தோள் வலிக்கத் தொடங்கியது பதினான்கு வயதில். எனக்குச் சொன்னது மூன்று வாரம் கழித்து. அதுவும் சொல்லவில்லை, சடை பின்னக் கையைத் தூக்க முடியாமல் "நீயே பின்னிவிடு" என்றபோது பிடித்துக்கொண்டேன். நீச்சல் வீரர்களுக்கு வருகிற தோள் வலிக்கு ஸ்விம்மர்ஸ் ஷோல்டர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ராத்திரி கால்குலேட்டரை எடுத்தேன். 50 மீட்டருக்கு ஒரு கை இருபது சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளை 4 கிலோமீட்டருக்கு 1,600. வாரம் எட்டு வேளை, 12,800. ஒரு வாரத்தில் ஒரு தோள்மூட்டு அத்தனை முறை சுற்றுகிறது. கிரைண்டர் குழவிகூட அதற்குள் தேய்ந்துவிடும். ஆறு வாரம் கை போட வேண்டாம் என்றார் பிசியோதெரபிஸ்ட். கோச் அவளை விடுமுறையில் அனுப்பவில்லை. கையில் பலகையைக் கொடுத்து, ஆறு வாரமும் காலை மட்டும் அடிக்கவிட்டார். தினமும் 2 கிலோமீட்டர் கிக். பிள்ளை அழுதாள். தண்ணீரில் அழுதால் யாருக்கும் தெரியாது என்று எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

இன்னொரு விஷயத்தை எழுதாமல் போனால் இந்தக் கதை பாதிதான். பன்னிரண்டு வயது ஹீட் ஷீட்டில் பெண்கள் மூன்று பக்கம் இருப்பார்கள். பதினைந்து வயதில் ஒரு பக்கம். மீதிப் பேர் எங்கே போனார்கள்? மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்று யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு மாதம் ஐந்து நாள் வராமல் இருந்து, அப்புறம் மொத்தமாக நின்றவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு என்று நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. தோள் ஆம்பிளை மாதிரி ஆயிடும், கறுத்துப்போவா என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு நின்றவர்கள் நிறைய. எங்கள் வீட்டு விசேஷங்களிலும் சொன்னார்கள். நான் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பேன். பதில் சொன்னது வடலூரிலிருந்து வந்திருந்த என் அம்மா.

"நான் கெணத்துல மேல இருந்து குதிச்சவடி" என்றார் பாப்பாவிடம். எனக்கே தெரியாத சேதி. சிறுமியாக இருந்தபோது முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பழகி, பிறகு குடுக்கை இல்லாமல், பிறகு அண்ணன்களோடு போட்டி போட்டு அடியில் கிடக்கும் மண்ணை அள்ளிக்கொண்டு வருவாராம்.

"அப்புறம் ஏன் ஆயா விட்டுட்டே?"

"வயசுக்கு வந்தா? கெணத்துப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க."

அவர் கிணற்றை விட்டார், அதனால் நான் தண்ணீரில் கால் வைக்கவே இல்லை. வெள்ளம் வந்து என் மகளைத் தள்ளிவிட்டது. அன்றைக்குப் பாட்டியும் பேத்தியும் தரையில் குப்புறப்படுத்து, கிணற்றில் மூச்சு எப்படிப் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இந்த விஷயத்தில் வீட்டில் வெளி ஆள் நான்தான் என்று தோன்றியது. ஒரு கல்யாண வீட்டில் தோளைப் பற்றிச் சொன்ன அத்தைக்கும் பதில் அவரே சொன்னார்: "தோள் அகலமாத்தான் இருக்கட்டுமே, என்ன, ரவிக்கைத் துணி கொஞ்சம் கூட ஆவும்."

துணி என்றதும் நினைவு வருகிறது. போட்டிக்கென்று ஒரு நீச்சலுடை உண்டு, டெக் சூட் என்பார்கள். உடம்பை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரின் இழுவையைக் குறைக்கும். விலை ஒரு சுமாரான பட்டுப்புடவை. போட்டுக்கொள்ள இருபது நிமிடம், இரண்டு பேர், நிறைய திட்டு. நகம் பட்டால் கிழிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நானும் வாங்கிக் கொடுத்தவள்தான், அதனால் சிரிக்க உரிமை இருக்கிறது.

சென்ற வருடம் வேளச்சேரியில் ஒரு போட்டி. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய குளம் அது. ஏழு மணிக்கே கேலரிப் படிகள் சுட ஆரம்பித்துவிடும். காலையில் நடந்த ஹீட்டில் டைவ் அடித்த வேகத்தில் பாப்பாவின் கண்ணாடி கழுத்துக்கு இறங்கிவிட்டது. நின்று சரிசெய்ய முடியாது. கண்ணை மூடிக்கொண்டே நீந்தினாள். சுவர் எங்கே என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "எண்ணினேம்மா. போகும்போது இருபத்து மூணு, நாலாவதுல இருபத்தஞ்சு" என்றாள். 2008 பெய்ஜிங்கில் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, அவரும் கையை எண்ணியேதான் இதே 200 பட்டர்ஃப்ளையை 1:52.03-இல் முடித்தார், அதுவும் உலக சாதனை. அது தெரிந்துதான் எண்ணினாளா என்று கேட்டேன். "எண்ணாம எப்படி நீந்துவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எட்டு வருடமாக அவளுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீருக்குள் அவள் எண்ணிக்கொண்டே இருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாலை ஃபைனல். அவளுக்கு 6-ஆவது லேன். எனக்கு வாட்ச் பிடிக்கக் கிடைத்தது 2. நாங்கள் சொந்தப் பிள்ளையின் லேனில் நிற்பதில்லை. நின்றால் யாராவது ஏதாவது சொல்வார்கள், நாமும் சீக்கிரம் அழுத்திவிடுவோம். என் லேனில் இருந்தது பன்னிரண்டு, பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒல்லிப் பெண். பெரியவர்கள் ஃபைனலில் எப்படியோ இடம் பிடித்திருந்தாள். முழங்கால் இரண்டும் ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

விளக்கு மின்னியது. அழுத்தினேன்.

நூறு மீட்டர்வரை 6-ஆவது லேனில் பாப்பாவின் நீலத் தொப்பி நாலாவதாக வந்துகொண்டிருந்தது. 150-இல் திரும்பியபோது மூன்றாவதா, இரண்டாவதா என்று சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் நான் பார்க்கக் கூடாது. கடைசி ஐம்பதில் டைம் கீப்பரின் கண் தன் லேனின் சுவரில் இருக்க வேண்டும், வாட்சிலும் இல்லை, பக்கத்து லேனிலும் இல்லை. கேலரியில் சத்தம் எழுந்தது. யார் பெயரையோ கத்தினார்கள், என் மகள் பெயர்தானா என்று தெரியவில்லை. நான் குனிந்து இரண்டாவது லேனின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒல்லிப் பெண் இன்னும் இருபது மீட்டர் தள்ளி இருந்தாள். கை இரண்டும் தண்ணீரை விட்டு வர மறுத்தது. ஒவ்வொரு தடவையும் இதோடு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாமலே நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் ஒன்றாகத்தான் சுவரைத் தொட்டன. அழுத்தினேன்.

நிமிர்ந்தபோது பாப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு லேன் கயிற்றில் கையைப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. 2 நிமிடம் 41 வினாடி சொச்சம், மூன்றாமிடம் என்று பிறகு ஷீட்டில் பார்த்தேன். கடைசி ஐம்பதின் ஸ்பிளிட்டில் எட்டுப் பேரில் இரண்டாவது.

சொட்டச் சொட்ட என் பக்கம் நடந்து வந்தாள். நான் பேனாவை உதறிக்கொண்டிருந்தேன், ஈரத்தில் எழுதவில்லை.

"உன் லேன்ல நீந்துச்சே, அந்தக் குட்டிப் பொண்ணு, டைமிங் என்னம்மா?"

"ஷீட்ல வரும். போய்த் துவட்டிக்கோ."

"சொல்லும்மா."

சொல்லக் கூடாது. அட்டையைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.